ரேடியோவில் நடந்த பள்ளிக்கூடம்

கொரோனா காலத்தில் எதற்கெடுத்தாலும் ‘வரலாறு காணாத’ என்றே எழுதிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூட விஷயத்தில் அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அந்தச் சொல் பொருந்தாது. 1937 செப்டம்பரில், கோடை விடுமுறை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்ப வேண்டிய நேரத்தில், அங்கே இளம்பிள்ளைவாதம் பரவியது. தடுப்பூசி வருவதற்கு இன்னும் பதினெட்டு ஆண்டுகள் இருந்தன. பள்ளித் திறப்பு தள்ளிப்போனது. கல்விக் கண்காணிப்பாளர் வில்லியம் ஜான்சனின் நிர்வாகம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை சுமார் 3,15,000 பிள்ளைகளுக்கு வானொலியிலேயே பாடம் நடத்த முடிவெடுத்தது. ஆறு நிலையங்கள் காசு வாங்காமல் நேரம் கொடுத்தன. அன்றைய பாடக்குறிப்பும் கேள்விகளும் காலை நாளிதழில் அச்சாகி வந்தன. திங்கள், புதன், வெள்ளிக்கிழமைகளில் சமூகப் பாடமும் அறிவியலும். மற்ற மூன்று நாட்களில் ஆங்கிலமும் கணக்கும். ஒரு பாடம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்று வாரத்துக்குள் பள்ளிகள் திறந்துவிட்டதால் வானொலி வகுப்பும் அத்துடன் நின்றது.

இந்தக் கதை 2020இல் மறுபடி வெளியே வந்தபோது எல்லோர் கண்ணும் ரேடியோப் பெட்டியின் மேல்தான் போனது. என் கண்ணில் படுவது தொலைபேசி. கல்வி வாரிய அலுவலகத்தில் 16 ஆசிரியர்கள் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தார்கள். பாடம் புரியாத பிள்ளைக்காக அம்மாவோ அப்பாவோ அவர்களை அழைத்துக் கேட்கலாம். முதல் நாளே ஆயிரத்துக்கு மேல் அழைப்புகள் வரவே, கூடுதலாக ஐந்து பேரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. பாடத்தின் வேகம் அதிகம் என்றார்கள். சில பகுதிகளில் ஒலி தெளிவாக இல்லை. சில வீடுகளில் ரேடியோவே இல்லை. இவற்றைக் குறைகளின் பட்டியல் என்று ஒதுக்கிவிடலாம். எனக்கோ அந்த ஏற்பாட்டில் பள்ளிக்கூடம் என்று சொல்லத்தக்க பகுதி அந்தத் தொலைபேசிதான் என்று படுகிறது. வானொலிக்கு வாய் உண்டு, காது கிடையாது. புரியாத பிள்ளையின் முகத்தைப் பார்த்து, சொன்னதை நிறுத்தி மறுபடி சொல்ல அதனால் ஆகாது. தொலைபேசி மேசை அதற்கு ஒரு காதைக் கொடுத்தது. மூன்று லட்சம் பிள்ளைகளுக்கு 21 பேர் என்றால் அது எவ்வளவு சிறிய காது என்பதும் சேர்ந்தே தெரிகிறது.

இதே நகரம் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு நேர் எதிராக நடந்துகொண்டது. 1918 இன்ஃபுளுவென்சாவின்போது அமெரிக்க நகரங்கள் பெரும்பாலும் பள்ளிகளைப் பூட்டின. நியூயார்க், நியூ ஹேவன், சிகாகோ ஆகிய மூன்றும் திறந்தே வைத்தன. நெரிசலான வீட்டில் கிடப்பதைவிட, ஆசிரியரும் செவிலியரும் தினமும் பார்க்கிற இடத்தில் பிள்ளை இருப்பது நல்லது; காய்ச்சல் கண்டால் உடனே பிரித்துவிடலாம் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். பயந்த பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்பவில்லை என்பது வேறு கதை. அந்த முடிவு மருத்துவ ரீதியாகச் சரியா என்று இங்கே வழக்காட வேண்டியதில்லை. அந்த வாதம், பாடம் சொல்லும் இடம் என்பதைவிடப் பிள்ளையைக் கவனிக்கும் இடமாகப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தது. 1937இல் நோய் குறிவைத்ததே பிள்ளைகளை என்பதால் அந்த வழி அடைபட்டது. பாடத்தை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. கவனிப்பை அனுப்புவதற்குத்தான் தொலைபேசியைத் தேடினார்கள்.

மூன்று வாரக் கூத்தை வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் நீண்ட கொரோனாவை எடைபோடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. மூன்று வாரத்தில் எந்தப் பிள்ளையும் படிப்பை விட்டுப் போயிராது. ஆனால் பின்னால் நீண்டு வலித்த இடங்கள் அந்த மூன்று வாரத்திலேயே தெரிந்துவிட்டன என்பதுதான் என் வாதம். வலுவான மறுப்பு வேறொன்று: வானொலி ஒருவழிப் பாதை, இணையம் இருவழி, அன்றைய குறை இன்றைக்கு ஏது? சுமார் மூன்றரை லட்சம் மாணவர்கள் கொண்ட சிகாகோ பள்ளி மாவட்டம் 2020 இலையுதிர்காலத்தை முழுக்க இணையவழியில் தொடங்கியது. அதற்கு முன்பே ஜூனில், ஏறத்தாழ ஒரு லட்சம் மாணவர்களின் வீடுகளுக்கு இலவச இணைய இணைப்புத் தரும் திட்டத்தை அறிவித்திருந்தது. ரேடியோ இல்லாத வீட்டுக்கு 1937இல் இப்படி யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை. அந்த அளவில் இது உண்மையான முன்னேற்றம். ஆனாலும் கேமராவை அணைத்துவிட்டால் ஆசிரியருக்கு மிஞ்சுவது பெயர் எழுதிய கறுப்புக் கட்டம். அந்தப் பக்கம் பிள்ளை இருக்கிறதா, தம்பியைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டதா என்று அவருக்குத் தெரியாது. பாதை இருவழியாக இருந்தால் போதாது. எதிர்ப்பக்கத்திலிருந்து யாராவது வர வேண்டும்.

இணையமே கூடாது, பள்ளியைத் திறந்திருந்தால் போதும் என்றும் இதற்குப் பொருள் கொள்ள முடியாது. 2021 ஜனவரியில் மழலையரில் தொடங்கி, மார்ச்சில் எட்டாம் வகுப்பு வரையும், ஏப்ரலில் உயர்நிலை வகுப்புகளுக்கும் சிகாகோ கதவைத் திறந்தது. ஆசிரியர் சங்கத்தோடு கடுமையான இழுபறிக்குப் பிறகே அது நடந்தது. (அந்தச் சங்கம் பிறந்தது 1937 அக்டோபரில், வானொலி வகுப்புகள் முடிந்த சூட்டோடு, தற்செயல்தான்.) திறந்த பிறகும் பெரும்பாலான குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. நோய் கடுமையாகத் தாக்கிய கறுப்பின, லத்தீன் குடும்பங்களில் தயக்கம் கூடுதல். பெற்றோர் நம்பாத பள்ளிக்கூடம் திறந்திருந்தும் பயனில்லை என்று 1918இல் காலியாகக் கிடந்த பெஞ்சுகள் ஏற்கெனவே சொல்லியிருந்தன.

1937க்குப் பிறகு சிகாகோ கல்வி வாரியம் வானொலியை விடவில்லை. பாட நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து தயாரித்தது. 1943இல் சொந்தமாக ஒரு நிலையமே தொடங்கியது. டபிள்யூபிஇஇசட் என்ற அதன் பெயருக்குள் கல்வி வாரியத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் இருக்கின்றன. வாரியத்தின் கையை விட்டுப் போய் வெகுகாலமாகியும் அந்த நிலையம் அதே பெயரில் இன்றும் ஒலிக்கிறது. அந்தத் தொலைபேசி மேசைக்கு அப்படியொரு பெயர் அமையவில்லை.