காற்றில் ஒரு வினாடி

1996ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அட்லாண்டா ஒலிம்பிக் சீருடற்பயிற்சிப் போட்டியைத் தொலைக்காட்சியில் கண்டு நானும் கைகொட்டினேன். கெர்ரி ஸ்ட்ரக் என்னும் 18 வயது அமெரிக்க வீராங்கனை, முதல் தாவலில் கணுக்கால் புண்பட்ட பின்னரும், மீண்டும் ஓடித் தாவி, ஒற்றைக் காலில் நின்று வணங்கி, மண்டியிட்டுச் சரிந்தார். பயிற்சியாளர் அவரைக் கையில் ஏந்தி வந்தார். வீரம் என்று உலகமே போற்றிற்று. மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தபோதோ, அந்த இரண்டாம் தாவல் இல்லாமலே அணிக்குத் தங்கம் கிடைத்திருக்கும் என்பது தெரிந்தது! தனிநபர் இறுதிப் போட்டிகளில் அப்பெண் கலந்துகொள்ள இயலவில்லை. என் கைதட்டலை எண்ணி இன்று சற்று நாணுகிறேன்.

பெருந்தொற்றினால் ஓராண்டு தள்ளிவைக்கப்பெற்ற டோக்கியோ ஒலிம்பிக் 2021இல் நடந்தது. அரங்கிலே பார்வையாளர் இல்லை. உற்றார் உடன்வர வழியில்லை. டெக்சாஸிலிருந்து சென்றவர்களுக்கோ 14 மணி நேர வேறுபாட்டினால் இரவு பகலாயிற்று. 2016இல் ரியோவில் நான்கு தங்கம் வென்ற சிமோன் பைல்ஸ், ஜூலை 27 அன்று, தாவலில் இரண்டரை முறை திருகிச் சுழல வேண்டியவர், ஒன்றரை முறையோடு இறங்கினார். காற்றில் தம் உடல் எந்நிலையில் இருக்கிறது என்பதே அவருக்குப் புலப்படவில்லை. இதனை அவ்விளையாட்டினர் ‘ட்விஸ்டீஸ்’ என்பர். பெயர் என்னவோ விளையாட்டாகத்தான் ஒலிக்கிறது. தலைகீழாக விழுந்தால் கழுத்து முறியும்.

தாவலில் உடல் காற்றில் இருப்பது ஏறத்தாழ ஒரு வினாடி. சிந்திக்க அதில் இடமேது? பழகிய உடம்பு தானே இயங்க வேண்டும். உறக்கம் குறைந்தால் கவனம் மந்தப்படும். கவலை மிகுந்தால், தானாக நிகழ வேண்டிய செயலில் எண்ணம் வந்து குறுக்கிடும். உடல்நலம் வேறு, மனநலம் வேறு என்று நாம் பிரித்துப் பேசும் வழக்கம் இங்கே செல்லாது.

பைல்ஸ் விலகினார். எஞ்சிய மூவரும் போட்டியை முடிக்க, அணிக்கு வெள்ளி கிடைத்தது. பாதியில் ஓடியவர் என்று அவரை இகழ்ந்தோர் உண்டு. கெர்ரி ஸ்ட்ரக் இகழவில்லை. தம் அன்பைத் தெரிவித்தார். ஆகஸ்ட் 3 அன்று சமநிலைச் சட்டத்தில், திருகுச் சுழற்சி இல்லாத இறக்கத்தை அமைத்துக்கொண்டு ஆடி, பைல்ஸ் வெண்கலம் பெற்றார்.

2024இல் பாரிஸில் அவர் வென்றவை மூன்று தங்கம், ஒரு வெள்ளி. அணிப் போட்டி நடந்த நாளன்று காலையில், அவர் தம் மனநல ஆலோசகருடன் பேசிவிட்டே அரங்கிற்கு வந்தார்.