வடிவத்திலிருந்து மேற்பரப்புக்கு: நீனா பிரவுன்வால்டின் வால்வுகள்

நீனா ஸ்டார் பிரவுன்வால்டைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 'முதல் பெண்' என்றே தொடங்குகிறார்கள்: திறந்த இதய அறுவைச் சிகிச்சை செய்த முதல் பெண், அமெரிக்க மார்பறுவைச் சங்கத்துக்குத் தேர்வான முதல் பெண். இதில் தவறில்லை. ஆனால் இந்தப் பட்டம் நாம் எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஆள் மாறும். நியூயார்க்கின் ஹார்லம் மருத்துவமனையில் மைரா அடேல் லோகன் 1943இலேயே இதயத்தில் கத்தி வைத்துவிட்டார். இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதல் வெற்றிகரமான அறுவை நடந்தது 1953இல்தான். எனவே 'திறந்த' என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் பட்டம் லோகனிடமிருந்து பிரவுன்வால்டுக்குக் கைமாறுகிறது. யார் முதல் என்ற வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையல்ல. அந்தப் பட்டத்தின் வெளிச்சத்தில், அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விடாமல் துரத்திய ஒரு கேள்வி கண்ணில் படாமல் போயிற்று என்பதே என் வாதம். உடலுக்குள் வைக்கும் அந்நியப் பொருளின் மேல் ரத்தம் உறையாமல் ஓட என்ன செய்யலாம் என்பது அந்தக் கேள்வி.

1928இல் புரூக்ளினில் பிறந்தவர். 1952இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு உடன் படித்த யூஜின் பிரவுன்வால்டை மணந்தார். பெல்வியூ மருத்துவமனையில் அறுவைப் பயிற்சி பெற்ற முதல் சில பெண்களில் ஒருவர். அடுத்து ஜார்ஜ்டவுனில் சார்லஸ் ஹஃப்னகலிடம் சேர்ந்தார். இந்தக் குருவை வாழ்க்கைக் குறிப்புகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கு இதுவே திருப்புமுனையாகத் தெரிகிறது. இதயத்தைத் திறப்பது இன்னும் வழக்கமாகாத 1952இல், கீழிறங்கும் பெருந்தமனியில் ஒரு பிளாஸ்டிக் கூண்டைப் பொருத்தி அதற்குள் ஒரு பந்தை உருளவிட்டவர் ஹஃப்னகல். பந்து தட்டும் ஓசை பக்கத்தில் இருப்பவர்களுக்கே கேட்கும். செயற்கை வால்வோடு மனிதர் வாழ முடியும் என்பதை நீனா அங்கே நேரில் கண்டார். 1958இல் பெத்தெஸ்டாவிலுள்ள தேசிய இதயக் கழகத்துக்கு, ஆண்ட்ரூ மாரோவின் அறுவைப் பிரிவுக்கு வந்தபோது அந்த அனுபவம் கையில் இருந்தது.

ஆனாலும் அவர் பந்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. மைட்ரல் வால்வு இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருப்பது. அதன் இரண்டு மெல்லிய இதழ்களின் விளிம்பிலிருந்து நூல் நூலாகத் தசைநாண்கள் இறங்கி, கீழறைச் சுவரிலிருந்து எழும் சிறு தசைகளில் முடிகின்றன. கீழறை சுருங்கும்போது இதழ்கள் மேலே புரண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பவை இந்த நாண்களே. ருமாட்டிக் காய்ச்சல் இதழ்களை ஒட்டவைத்தால், 1948க்குப் பின் விரலையோ கத்தியையோ விட்டுப் பிரித்துவிட முடிந்தது. இதழ்கள் சுருங்கி ரத்தம் பின்னோக்கிக் கசியும் நோயாளிக்கு அந்த வழியில் அவ்வளவாகப் பயனில்லை; வால்வையே மாற்ற வேண்டும். நீனா இயற்கையை அப்படியே நகலெடுத்தார்: டாக்ரான் துணியால் வலுவூட்டிய பாலியூரிதேன் இதழ்கள், தசைநாண்களுக்குப் பதில் டெஃப்லான் நாடாக்கள். நாய்களில் சோதித்த பிறகு 1960 மார்ச் 11இல், 44 வயதுப் பெண் ஒருவருக்கு அதைப் பொருத்தினார். அந்தப் பெண் சில மாதங்கள் உயிரோடு இருந்தார். அறுவை செய்த நீனாவுக்கு வயது 32. அந்த ஆண்டே வெளிவந்த ஆய்வுரையில் அவர் பெயர் முதலில் நிற்கிறது, பிரிவுத் தலைவர் மாரோவின் பெயர் கடைசியில்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஓரிகனில் ஆல்பர்ட் ஸ்டார், பொறியாளர் லோவல் எட்வர்ட்ஸுடன் உருவாக்கிய கூண்டுப் பந்தை மைட்ரல் இடத்தில் பொருத்தினார். (நீனாவின் பிறந்த வீட்டுப் பெயரும் ஸ்டார்தான், உறவெல்லாம் இல்லை.) மனித இதயத்தில் எங்கும் காணாத உருவம் அது. ஆனால் அந்த நோயாளி பத்தாண்டுகள் வாழ்ந்து, கடைசியில் ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். வால்வின் வரலாறு ஸ்டார் பெயரில் எழுதப்பட்டதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. நீனாவின் வால்வு 'முன்னோடி முயற்சி' என்ற அடிக்குறிப்பாயிற்று.

அந்த அடிக்குறிப்போடு நிறுத்துபவர்கள் அவருடைய அடுத்த நகர்வைக் கவனிப்பதில்லை. உருவத்தில் இயற்கையைப் பின்பற்றுவதை அவர் கைவிட்டார். பின்பற்றலை மேற்பரப்புக்கு மாற்றினார். வெறும் உலோகத்தில் ரத்தம் கட்டிக்கொள்ளும், கட்டி உடைந்து மூளைக்குப் போகும். அந்த உலோகத்தைத் துணியால் போர்த்தினால், உடலின் திசு துணியின் இழைகளுக்குள் வளர்ந்து தானே ஒரு பூச்சாகும் என்பது அவர் எண்ணம். 1960களின் இறுதியில் வந்த பிரவுன்வால்ட்-கட்டர் வால்வு இதன் விளைவு. சிலிக்கோன் பந்து, டைட்டானியக் கூண்டு, கூண்டின் கால்களுக்குப் பின்னல் துணி உறை. ஆயிரக்கணக்கான இதயங்களில் அது பொருத்தப்பட்டது.

பிறகு தேய்மானம் தெரிய வந்தது. பெருந்தமனி இடத்தில் பந்து அந்தத் துணியில் உரசி உரசிச் சிறுத்தது. சிறுத்த பந்து கூண்டிலிருந்து நழுவவும் கூடும். 1970களின் இறுதியில் வால்வு சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. ரத்தம் கட்டாமல் இருக்கப் போட்ட துணியே அரமாக மாறியதை மறைத்து அவரைப் புகழ்வது மரியாதை ஆகாது. மைட்ரல் இடத்தில் அதே வால்வு ஒப்பீட்டளவில் நன்றாக நின்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். துணியை ஏற்றுத் திசு வளர்ந்தது. சிக்கல் ஒன்றையொன்று தட்டும் இரு பரப்புகளில் இருந்தது. கேள்வியைச் சரியாகக் கேட்டவர் விடையில் பாதியில் தவறினார்.

அவர் பணியிடங்களின் வரைபடம் கணவருடையதை ஒட்டியே போகிறது. யூஜின் சான் டியேகோவில் மருத்துவத் துறைத் தலைவரானபோது 1968இல் அங்கே. பாஸ்டனில் தலைமை ஏற்றபோது 1972இல் அங்கே. மூன்று மகள்கள். ஒவ்வொரு இடமாற்றத்திலும் ஓர் ஆய்வுக்கூடம் கலைந்து மறுபடி கூடியது. வாழ்க்கைக் குறிப்புகள் இதைக் 'குடும்பச் சமநிலை' என்று பாராட்டுவது எனக்குச் சற்று எரிச்சலூட்டுகிறது; ஓர் ஆய்வாளர் கொடுத்த விலை அந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்கிறது.

சான் டியேகோ வருடங்களில் ஒன்று, 1970. நுரையீரல் தமனிகளில் ஆண்டுக்கணக்காகப் படிந்து இறுகிய ரத்தக்கட்டுகளை, தமனியின் உட்சுவரோடு சேர்த்து உரித்தெடுக்கும் அறுவையை அங்குள்ள பல்கலைக்கழகத்தில் முதன்முதலாகச் செய்தவர் நீனா. இன்று அந்தச் சிகிச்சைக்கு உலகம் அறிந்த மையம் அது; ஆயிரக்கணக்கான நோயாளிகள் அங்கே அந்த அறுவையைச் செய்துகொண்டிருக்கிறார்கள். 1972இல் அவர் பாஸ்டனுக்குப் போய்விட்டார், திட்டம் பிறர் கைகளில் வளர்ந்தது. நீனா 1992இல் காலமானார். அந்த நுரையீரல் அறுவையிலும் பொருள் மாறவில்லை: உறைந்த ரத்தம், அது ஒட்டிக்கொண்ட சுவர்.