மாறாத ஏடும் மாறிய சபையும்

மறைநூலின் சொற்கள் மாறாதிருக்க, அவற்றுக்குக் கூறப்படும் பொருள் காலந்தோறும் மாறிவந்தமையைச் சமய வரலாற்றிற் பரக்கக் காணலாம். இம்மாற்றத்தின் காரணத்தை ஏட்டினுள் மட்டும் தேடினாற் போதாது. ஏட்டை விரித்துப் பொருள் கூறியோர் யாவர், அச்சபையில் இடம் மறுக்கப்பட்டோர் யாவர் என்பவற்றையும் நாம் நோக்குதல் வேண்டும். தன்பாலீர்ப்பினரதும் திருநரதும் சமய வாழ்வு குறித்துக் கடந்த அரை நூற்றாண்டாக யூதரிடையே நிகழ்ந்துவரும் விவாதம் இதற்குத் தக்க சான்றாகும்.

லேவியராகமத்தின் 18ஆம், 20ஆம் அதிகாரங்கள் ஆணோடு ஆண் கூடுதலைத் தடைசெய்கின்றன. பின்னது மரணதண்டனையும் விதிக்கின்றது. ஆயின் யூத மரபு இத்துடன் முடிந்துவிடுவதன்று. தல்மூதிலே அதன் சட்டம் வாதமும் எதிர்வாதமுமாக விரிந்து வளர்ந்தது. ஓர் அடுப்பின் தூய்மை பற்றிய வழக்கில், வானிலிருந்து எழுந்த குரலையே அறிஞர்கள் ஏற்க மறுத்துப் பெரும்பான்மையோர் முடிவைச் சட்டமாகக் கொண்டனர் என அங்கு ஒரு கதை உண்டு. சட்டத்தை ஆராய்ந்து தெளியும் பொறுப்பு மனிதருடையதே என்பது அதன் கருத்து. எனினும் அந்த மனிதர் யாவர்? மணத்தையும் மகப்பேற்றையும் கடமையெனக் கொண்ட ஆடவரே நூற்றாண்டுகளாக அச்சபையில் அமர்ந்திருந்தனர்.

1969இல் நியூயோர்க்கின் ஸ்டோன்வோல் மதுச்சாலையில் பொலிசாரின் கெடுபிடிக்கெதிராக எழுந்த கிளர்ச்சி, ஒதுக்கப்பட்டோர்க்குப் புதிய துணிவை அளித்தது. 1972இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தன்பாலீர்ப்பினரான யூதர்கள் பெத் ஹயீம் ஹதாஷீம் என்னும் தொழுகைச் சபையை நிறுவினர். தமக்கென ஓர் இடமில்லாத அவர்கள் முதலிற் கூடியது ஒரு கிறித்தவ ஆலயத்திலேயாகும். 1974இல் அமெரிக்கச் சீர்திருத்த யூதரின் ஒன்றியம் அச்சபையைத் தன் உறுப்பாக ஏற்றது. நியூயோர்க்கில் 1973இல் தோன்றிய பெத் சிம்ஹத் தோரா சபையோ, எயிட்ஸ் நோய்க்குத் தன் உறுப்பினர் பலரைப் பலிகொடுத்தது. நோயுற்றோரைத் தேற்றவும் இறந்தோர்க்குரிய கத்திஷ் வழிபாட்டை ஓதவும் ஒரு குரு இன்றியமையாதவராயினார். 1992இல் ஷரோன் கிளைன்போம் அதன் முதல் ரபியாகப் பொறுப்பேற்றார். கடவுளைத் துறந்தவர்களல்லர் இவர்கள். கடவுளின் பெயரால் துறக்கப்பட்டவர்கள். அந்நிலையிலும் மரபைக் கைவிடாது பற்றிநின்றமையே இவர்தம் ஆன்மிகத்தின் தனித்தன்மை எனலாம்.

சீர்திருத்த யூதரின் ரபிமார் மன்றம் 1990இல் தன்பாலீர்ப்பினரின் குருத்துவத்தை ஏற்றது. பழைமைக்கும் புதுமைக்கும் இடைநின்ற கொன்சர்வேட்டிவ் பிரிவினரோ 1992இல் அதனை மறுத்தனர். பதினான்கு ஆண்டுகள் கழிந்து, 2006 டிசம்பரில், அவர்தம் சட்டக்குழு இரு முரண்பட்ட தீர்ப்புகளை ஒருங்கே ஏற்றது. வாக்குரிமையுடைய 25 உறுப்பினருள், தடையை நிலைநிறுத்திய ஜோயல் றோத்தின் தீர்ப்புக்கு 13 வாக்குகளும், தடையைத் தளர்த்திய டோர்வ், நெவின்ஸ், ரைஸ்னர் ஆகிய மூவரின் தீர்ப்புக்கு 13 வாக்குகளும் கிடைத்தன. ஒருவர் இரண்டையுமே ஆதரித்தார்! றோத் உட்பட நால்வர் குழுவிலிருந்து விலகினர்.

அம்மூவரும் ஆதாரமாகக் கொண்டது மனித மாண்பு பற்றிய தல்மூதின் பழைய கொள்கையையே. ரபிமார் பிற்காலத்தில் விதித்த தடைகளை மனித மாண்பின் பொருட்டுத் தளர்த்தலாம் என வாதித்த அவர்கள், தோராவின் நேரடித் தடையை ஒரு குறிப்பிட்ட செயலளவிற் சுருக்கி நிறுத்தினர். குருத்துவத்தின் கதவு திறந்தது. ஆயினும் அத்தடை அழியவில்லை. இது முழு விடுதலையன்று. 1992இலும் அதே வசனம், அதே கொள்கை. அப்போது கிடைக்காத விடை பின்னர் கிடைத்தமைக்குக் காரணம், இடைக்காலத்தில் தம் பிள்ளைகளும் மாணவரும் சகாக்களும் மறைவினின்று வெளிவந்து பேசத் தொடங்கியமையே என்று கருதுவது பொருந்தும்.

வைதிக யூதரிடையே தடை இன்றும் நிலைத்துள்ளது. எனினும் அவர்களின் கல்வி மரபிலே குருத்துவம் பெற்ற ஸ்டீவன் கிறீன்பேர்க் 1999இல் தம்மைத் தன்பாலீர்ப்பினர் என வெளிப்படுத்தினார். லேவியராகம வசனம் பிறரை இழிவுபடுத்தி அடக்கியாளும் கூடலையே கண்டிக்கின்றது என 2004இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதித்தார்.

திருநர் குறித்த ஆய்விலும் பழைய ஏடு புதிதாக வாசிக்கப்படுகின்றது. இருபாற் கூறும் உடையோரையும், பால் வெளிப்படாதோரையும் மிஷ்னா குறிப்பிடுகின்றது. பண்டை ரபிமார் பாலின விடுதலை போதித்தார்கள் என்று இதனாற் கொள்வது வரலாறாகாது. அவர்களை ஆண்களுக்கும் பெண்களுக்கும் உரிய கடமைகளுள் எங்கே அடக்குவது என்பதே பழையோர் கவலை. ஆனால் அத்தகையோர் உளர் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஜோய் லடின் 2018இல் வெளியிட்ட நூலிலே இன்னும் ஒரு படி மேற்சென்று, மனித வகுப்புகளுள் அடங்காத கடவுளை, அவ்வகுப்புகளுள் அடங்காதோரின் அநுபவத்தினூடாக அறியலாம் என்கிறார்.

மரபு தானாக இரங்கியதுமில்லை. மரபை முற்றாக எரித்து இவர்கள் வென்றதுமில்லை. வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் உள்ளே புகுந்து, ஏட்டைத் தம் கையில் எடுத்து வாசித்தனர். நம்முடைய மரபின் பெயரால் யாரையேனும் விலக்க முற்படுவோரிடமும் நாம் கேட்கவேண்டிய வினா இதுவே: இவ்வேட்டுக்குப் பொருள் கூறியபோது அவர்கள் சபையில் இருந்தார்களா?