மகிழடியும் ஒற்றைவாடையும்

ஸீஸன் என்றால் நமக்கு டிசம்பர். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாடும், அதிலிருந்து மறு வருஷம் பிறந்த மியூசிக் அகாடமியும் இந்த மாதத்தை நமக்கு நிச்சயித்துக் கொடுத்துவிட்டன. இத்தாலியில், மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்குக்கும் ஸீஸன் டிசம்பரில்தான் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள். 1951 முதல் அந்நகரின் காவல் புனிதரான அம்புரோசின் திருநாள், டிசம்பர் 7. இந்த ஒற்றுமையில் அர்த்தம் ஏதுமில்லை. ஆனால் அங்கே ஸீஸன் பாடி நடிக்கும் நாடகத்துக்கு, இங்கே கச்சேரிக்கு என்கிற வேற்றுமையில் அர்த்தம் உண்டு. பாடி நடிக்கும் நாடகம் நம்மிடமும் இருந்தது. இந்த நகரத்தின் வடக்கில் இருந்தது. அதற்கு ஏன் ஒரு ஸீஸன் அமையவில்லை என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1831 டிசம்பர் 26 அன்று லா ஸ்காலாவின் புதிய ஸீஸன், வின்சென்ஸோ பெல்லினியின் ‘நார்மா’வோடு தொடங்கியது. பெல்லினிக்கு அப்போது முப்பது வயது. வசனம் ஃபெலிச்சே ரோமானி. அதே வருஷம் பாரிஸில் அரங்கேறிய அலெக்ஸாந்த்ர் ஸூமேயின் நாடகத்திலிருந்து எடுத்தது. ரோமானியர் ஆட்சியிலிருந்த கால் தேசத்தில், புனிதமான ஓக் மரத்தடியில் நின்று இனத்துக்கு அருள்வாக்குச் சொல்லும் பூசாரிணி நார்மா. கன்னி விரதம் பூண்டவள். அந்த விரதத்தை ரகசியமாக முறித்து, எதிரிப் படைத் தலைவனுக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். அவன் மனம் இப்போது இன்னொரு இளம் பூசாரிணியிடம் போய்விட்டது. கடைசியில் நார்மா தன் குற்றத்தைத் தானே சபையில் சொல்லிச் சிதை ஏறுகிறாள். அவனும் கூட ஏறுகிறான்.

அன்றிரவு நாடகம் தோற்றது. தலைமைப் பாத்திரம் ஏற்ற ஜூடிட்டா பாஸ்டா ஒத்திகைகளில் களைத்துப் போயிருந்தார். முதல் அங்கம் எல்லாரும் கூடிப் பாடும் ஆரவாரத்தில் முடியவேண்டும் என்பது அன்றைய சம்பிரதாயம். பெல்லினி அதை மூவர் பாடுவதோடு முடித்திருந்தார். சபையோருக்கு ஏதோ குறைந்தது. எதிர்க்கோஷ்டி ஒன்று வேலை செய்ததாகவும் பெல்லினிக்குச் சந்தேகம். நாடகம் படுதோல்வி என்று நேப்பிள்ஸிலிருந்த நண்பர் ஃப்ளோரிமோவுக்கு எழுதினார். ஆனால் அதே ஸீஸனில் நாடகம் முப்பது தடவைக்கு மேல் ஆடப்பட்டது. ஆட ஆடக் கேட்பவர்களின் காது திருந்தியது. 1955 டிசம்பர் 7 அன்று, மரியா காலஸ் பாட, அதே அரங்கின் ஸீஸன் மறுபடியும் ‘நார்மா’வோடு தொடங்கிற்று.

இதை மேதைமையின் வெற்றி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். பெல்லினி மேதைதான். ஆனால் தோற்ற நாடகத்துக்கு மறு ஆட்டம் தந்தது மேதைமை அல்ல. மறுநாளும் விளக்கேற்றப் போகிற ஒரு கட்டடம். அது எப்படி ஏற்றியது என்பதும் தெரிந்ததே. இத்தாலிய ஆபரா அரங்குகள் நெடுங்காலம் முன்கூடங்களில் நடந்த சூதாட்ட வருமானத்தில் பிழைத்தவை. பெட்டிகளுக்குப் பிரபுக்கள் கொடுத்த பணம் உண்டு. பிறகு அரசாங்கத்தின், நகரசபையின் மானியம். 1897இல் மிலான் நகரசபை மானியத்தை நிறுத்தியபோது லா ஸ்காலாவே ஒரு ஸீஸன் மூடிக் கிடந்தது. அடுத்த வருஷம் டிசம்பர் 26இல்தான், டாஸ்கனினி தலைமையில், திறந்தது. பணத்தைத் தவிர இன்னொன்றும் உண்டு. நாடக அரங்குகளுக்கு இசைச் சுவடிகளைப் பிரதி எடுத்துப் பிழைத்த ஜொவான்னி ரிகோர்டி 1808இல் பதிப்பகம் தொடங்கினார்; 1825இல் லா ஸ்காலாவின் சுவடிக் கிடங்கையே வாங்கினார். பாடகி செத்தாலும் பாட்டு காகிதத்தில் இருந்தது. பாஸ்டாவின் குரலைக் கேட்டவர் எவரும் மிஞ்சாத காலத்தில் காலஸ் அதைப் பாடமுடிந்தது இதனால்தான்.

இனி வட சென்னை. இங்கும் மரத்தடியில் விரதம் முறிந்த கதை ஒன்று உண்டு. அதற்கு ஒரு ஸீஸனும் உண்டு. திருவொற்றியூரில் பூத்தொடுத்துக் கன்னிமாடத்தில் இருந்த சங்கிலியைச் சுந்தரர் பார்க்கிறார். திருவாரூரில் பரவை இருக்கிறாள். உன்னைப் பிரியேன் என்று இவளுக்குச் சத்தியம் செய்து கொடுக்கவேண்டும். சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்தடிக்குப் போய்விடும் என்று இறைவனிடமே சூது பேசிவைக்கிறார் சுந்தரர். இறைவன் சங்கிலியின் பக்கம் ஓர் உளவு சொல்லி, சத்தியத்தை மகிழடியிலேயே வாங்கச் செய்கிறான். பிறகு வசந்தம் வருகிறது, ஆரூர் நினைவு வருகிறது. சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்டுகிறார். இரண்டு கண்களும் போகின்றன.

மாசிப் பிரம்மோற்சவத்தில் இந்தக் கல்யாணமும் மகிழடி சேவையும் வருஷந்தோறும் நடக்கின்றன. இது நேற்று வந்த வழக்கமன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் இராசாதிராசனின் 9ஆம் ஆட்சியாண்டில் பொறித்த திருவொற்றியூர்க் கல்வெட்டு, பங்குனி உத்திரத் திருநாளில் மகிழ மரத்தடியில் அரசன் அமர்ந்து ஆளுடைய நம்பியின் ஸ்ரீபுராணம் கேட்டதைச் சொல்கிறது. மடாதிபதி சதுரானன பண்டிதரும் கூட இருந்தார். எண்ணூறு ஆண்டுக்கு மேலாக ஓர் ஊர் ஒரே கதைக்கு ஒரே மரத்தடியில் வருஷந்தோறும் கதவு திறந்து வருகிறது. இங்கும் தாங்கி நிற்பது கதையின் அழகு மட்டுமில்லை. கோயில் நிலம், நிவந்தம், உபயக்காரர், நாள் குறித்த பஞ்சாங்கம்.

இரண்டு கதைகளுக்கும் முடிவில் பெரிய பேதம் இருக்கிறது. நார்மா தீயில் இறங்குகிறாள். பாட்டு அவள் சாவை அழகாக்குகிறது. சுந்தரர் பாடிப் பாடி வழக்காடுகிறார். காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண். பாட்டு இங்கே அலங்காரமல்ல, காரியம். பாட்டாலேயே சம்பவம் நகரும் ஒரு நாடக மரபுக்கு இதைவிட நல்ல விதை கிடைக்காது.

கதைக்குக் குறைவில்லை, பாடுகிறவர்களுக்கும் குறைவில்லை. ராயபுரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் அரங்கும் இருந்தது: வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடை நாடகக் கொட்டகை. இந்த ரோட்டின் பெயரே ஒரு கதை. பிரெஞ்சு முற்றுகைக்கும் ஹைதர் அலியின் படையெடுப்புக்கும் பிறகு கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அதன் செலவுக்குக் குடிகளிடம் வரி வாங்க நினைத்தார்கள். வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் ரோட்டுக்கு நின்றது. வரி வசூலாகாத அந்த ரோட்டில், எவர் வரியிலிருந்தும் ஒரு காசு வராமல், தரை டிக்கெட்டையும் பெஞ்சு டிக்கெட்டையும் நம்பி நாடகம் நடந்தது.

பம்பாய்ப் பார்சிக் கம்பெனிகள் ஆபரா என்ற சொல்லைத் தம் பாட்டு நாடகங்களுக்குத் தாமே சூட்டிக்கொண்டவை. அவர்கள் கொண்டுவந்த படுதாவும் ஆர்மோனியமும் இந்துஸ்தானி மெட்டும் தமிழ் மேடைக்கு வந்து சேர்ந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இந்தக் கலவைக்குத் தமிழ்ச் செய்யுளின் கட்டுக்கோப்பைத் தந்தார். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ என்று அவர் எழுதியவை அறுபதுக்கு மேல். 1918இல் மதுரையில் பாலர் சபை ஒன்றையும் நிறுவிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார். பிறகு கிட்டப்பா வந்தார். மேலே எட்டமுடியாத சுருதியில் ஒரு குரல் நின்று நிதானமாக உலாவ முடியும் என்பதற்கு அவருடைய இசைத்தட்டுகளே போதிய சாட்சி. பெல்லினியின் நீண்ட மெல்லிசை வரிகள் கேட்பவரிடம் எதிர்பார்ப்பதும் அந்தப் பொறுமையைத்தான். கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது வயது இருபத்தேழு.

அதோடு போயிற்று. ஏன் போயிற்று என்றால், சினிமா வந்தது என்று பதில் சொல்கிறோம். ‘காளிதாஸ்’ 1931 அக்டோபர் 31 அன்று, வட சென்னையின் கினிமா சென்ட்ரல் கொட்டகையில் திரையிடப்பட்டது. ‘நார்மா’ தோற்ற இரவுக்கு நூறு வருஷம் நிறைய இன்னும் எட்டு வாரம். கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து போனவர். 1935இல் ‘நந்தனா’ருக்காக லட்ச ரூபாய் பெற்ற கே. பி. சுந்தராம்பாளும் அப்படியே. பதில் பொய்யல்ல. ஆனால் சினிமா மிலானுக்கும் வந்ததே.

சங்கரதாஸின் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுங்கள். பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் இருக்கும். மெட்டு என்கிற இடத்தில் வேறொரு பாட்டின் முதல் சொற்கள் இருக்கும். அந்தப் பாட்டு எல்லாருக்கும் தெரியும் என்ற நம்பிக்கையில் அச்சிட்டது. ஒரு தலைமுறை கழிந்ததும் அந்தப் பாட்டு மறந்துபோயிற்று. இந்தப் பாட்டுக்குச் சொல் மிஞ்சியது, இசை போயிற்று. நமக்கு ரிகோர்டி இல்லை. ஸ்வரப்படுத்தும் வித்தை தெரியாத ஊரல்ல இது. கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்திப் புத்தகம் போட்ட வித்துவான்கள் இதே நகரத்தில் இருந்தார்கள். நாடகப் பாட்டை அதற்குரியதாக அவர்கள் நினைக்கவில்லை.

இங்கேதான் நம்முடைய பங்கு வருகிறது. ஒற்றைவாடை சென்ட்ரல் ஸ்டேஷனுக்குக் கிழக்கே. ஸ்டேஷனுக்கு மேற்கே விக்டோரியா பப்ளிக் ஹால். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், பொழுதுபோக்காக நடிப்பவர்கள். முதலியார் வசனத்தை முன்னே வைத்தார், ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கினார். நாடகக்காரன் என்ற சொல்லுக்கு மரியாதை வாங்கித் தந்தார். இது சிறிய காரியமில்லை. ஆனால் அந்த மரியாதைக்கு ஒரு விலை இருந்தது: பாடுகிற நாடகம் படிக்காதவர்களுடையது என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. 1940இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடை செய்தபோது, அந்த எண்ணத்துக்கு அரசாங்க முத்திரையும் கிடைத்தது. தடை தளர முப்பது வருஷம் ஆயிற்று.

சிறுபத்திரிகைக்காரர்களான நாம் ஸ்டேஷனுக்கு மேற்கே பிறந்தவர்கள். 1977இல் கூத்துப்பட்டறை தோன்றிய காலத்திலிருந்து தெருக்கூத்தைக் கொண்டாடுகிறோம். கொண்டாடவேண்டியதுதான். ஆனால் கூத்தை நாம் ஏற்றுக்கொள்வது சுலபம். அது தூரத்து வயற்காட்டில் இருந்தது. புராதனம் என்றும் தூய்மை என்றும் பெயர் வைக்கலாம். இசை நாடகம் நம் அப்பாக்கள் தரை டிக்கெட் வாங்கிப் பார்த்தது. ஜிகினாப் படுதா, பபூன், ஒன்ஸ்மோர். அதில் நமக்குக் கூச்சம். மிலானில் ஒரு பாட்டைத் திரும்பப் பாடச்சொல்லி மேல்மாடி கத்தினால் அது ரசிகப் பாரம்பரியம். வால்டாக்ஸ் ரோட்டில் கத்தினால் ரசனைக் கேடு. ‘நார்மா’வின் கதை யதார்த்தமில்லை என்று நம்மில் ஒருவரும் எழுதமாட்டோம். ‘பவளக்கொடி’யைப் பற்றி அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர நாம் எழுதியது என்ன?

ஒற்றைவாடையில் இன்று நாடகம் இல்லை. ஆனால் மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் திருவிழா மாதங்களில் ‘வள்ளி திருமணம்’ இன்றும் விடிய விடிய நடக்கிறது. ராஜபார்ட் ஓரூரிலிருந்து, ஸ்திரீபார்ட் வேறூரிலிருந்து, ஆர்மோனியம் மற்றோரூரிலிருந்து வந்து, ஒத்திகையில்லாமல் மேடையில்தான் சந்திக்கிறார்கள். பாஸ்டாவின் காலத்து இத்தாலியிலும் பாடகர்களை இப்படித்தான் தனித்தனியே ஸீஸனுக்கு அமர்த்தினார்கள். சங்கரதாஸ் எழுதியதில் எது நிற்கும், எது உதிரும் என்று இப்போது நாம் சொல்ல முடியாது. சொல்வதற்குப் பாட்டு கையில் இருக்கவேண்டும். ஆர்மோனியக்காரர்களின் விரலில் அதில் ஒரு பகுதி மிச்சமிருக்கிறது. அதை ஸ்வரத்தில் எழுதிவைக்க ஆள் வேண்டும். விமரிசனம் பிறகு செய்யலாம்.