மரை மாறிய ஆணி

"மரை கழன்றவன்" என்று ஒருவனைச் சொன்னால் தமிழ் பேசும் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. ஒரு போல்ட்டின் உடம்பைச் சுற்றி ஏறும் அந்தச் சிறு வரம்பு எவ்வளவு முக்கியமானது என்பதை நம்மவர்கள் பேச்சிலேயே பதித்து வைத்திருக்கிறார்கள். மரை கழன்றால் பூட்டு விலகும். பொருந்தாத மரையைப் பலவந்தமாக முறுக்கினால் ஆணியே முறியும். வீட்டு முற்றத்தில் கார் எஞ்சினைப் பிரித்துப் பூட்டியவர்களுக்கு இது தெரியும். போல்ட்டின் தலை ஸ்பனரோடு கையில் வந்துவிடும், உடல் இரும்புக்குள்ளேயே தங்கிவிடும். அப்போது எல்லோரும் துருவைத்தான் நோவார்கள். துருவுக்கும் பங்குண்டு. ஆனால் யாழ்ப்பாணத்தில் நான் கண்ட ஒரு முறிந்த ஆணிக்குப் பின்னால் நூறாண்டு கடந்த ஒரு பிணக்கின் வரலாறும் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரையை வெட்டிக்கொண்டது. ஓர் ஊரில் செய்த போல்ட்டுக்கு இன்னோர் ஊரின் நட் பொருந்தாது. இலண்டனில் ஹென்றி மோட்ஸ்லியிடம் வேலை பழகிய ஜோசப் விட்வேர்த் இதற்கு முடிவு கட்ட முனைந்தார். பிரித்தானியாவின் பல பட்டறைகளிலிருந்தும் திருகாணிகளைச் சேகரித்து, அளந்து, சராசரி கண்டு, 1841 இல் ஒரு பொது அளவை முன்மொழிந்தார். அவருடைய மரையின் கோணம் 55 பாகை. ரயில்வேக்களும் கப்பற்துறையினரும் அதை ஏற்றுக்கொண்டனர். பேரரசு போன இடமெல்லாம் விட்வேர்த் மரையும் போயிற்று. இலங்கைக்கு அது வந்ததும் அவ்வழியேதான்.

1864 இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ் என்ற பொறியியலாளர் வேறொரு மரையை முன்வைத்தார். கோணம் 60 பாகை, வரம்பின் உச்சி தட்டையானது. செய்வதற்கு அதுவே எளிது என்பது அவருடைய வாதம். அமெரிக்கா அதன் வழியே சென்றது. ஐரோப்பியக் கண்டமோ மில்லிமீற்றரில் நின்றது.

இந்தப் பிணக்கின் விலை போர்க்காலத்தில் தெரிந்தது. ரோல்ஸ் ரொய்ஸ் மெர்லின் விமான எஞ்சினை அமெரிக்காவில் தயாரிக்கப் பக்கார்ட் நிறுவனம் 1940 இல் ஒப்பந்தம் செய்தபோது, பிரித்தானிய மரைகளையே அது வெட்ட வேண்டியிருந்தது. அவற்றை வெட்டும் கருவிகளையும் அந்நிறுவனம் தானே செய்துகொண்டது. போர் முடிந்தபின் பாடம் உறைத்தது. 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் ஒருமித்த மரை ஒன்றுக்கு ஒப்பமிட்டன. கோணம் 60 பாகை என்று முடிவாயிற்று.

அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் மொறிஸ் மைனர் அறிமுகமானது. இலங்கை சுதந்திரமடைந்ததும் அதே ஆண்டில். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் காருக்கு 1952 முதல் ஒஸ்ரினின் ஏ வரிசை எஞ்சின் பொருத்தப்பட்டது. அந்த எஞ்சினில் புதிய ஒருமித்த மரைகள் இருந்தன. அதற்கு முந்திய பிரித்தானிய வாகனங்களிலோ விட்வேர்த்தின் வழிவந்த நுண்மரைகள். இவற்றுக்கு இடையில் ஒரு விசித்திரமும் உண்டு. பிரெஞ்சு ஆயுத நிறுவனமான ஹொட்ச்கிஸ் முதலாம் உலகப் போரில் கொவென்ட்ரியில் அமைத்த தொழிற்சாலையை மொறிஸ் 1923 இல் வாங்கினார். அங்கே செய்த எஞ்சின்களின் ஆணிகளுக்கு உடல் மில்லிமீற்றரிலும் தலை விட்வேர்த் அளவிலும் இருந்தன. 1955 வரை எம்ஜி கார்களில் அவ்வகை எஞ்சின் ஓடியது.

இவை எல்லாம் நமது கராஜ்களின் தகரப் பேணிகளில் ஒன்றாகக் கலந்தன. எழுபதுகளின் இறக்குமதிக் கட்டுப்பாடு பழைய கார்களை ஓட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலையை உருவாக்கியது. கழன்றது எதுவும் வீசப்படவில்லை. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட, ஜப்பானிய வாகனங்களோடு மில்லிமீற்றர் ஆணிகளும் அதே பேணிக்குள் விழுந்தன.

கண் ஏமாறுவது இங்கேதான். 5/16 அங்குல ஆணியின் விட்டம் 7.94 மில்லிமீற்றர். அருகில் கிடக்கும் ஜப்பானிய ஆணி 8 மில்லிமீற்றர். 5/16 அங்குலத்தில் பழைய பிரித்தானிய நுண்மரை அங்குலத்துக்கு 22, ஒருமித்த நுண்மரை 24. ஒன்றின் துளைக்குள் மற்றொன்று இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். இறுகியதைப் 'பூட்டிவிட்டது' என்று நினைத்து மேலும் முறுக்கினால் ஆணி உள்ளூர இழுபட்டுக் காயப்படும். அந்தக் காயம் வெளியே தெரிவதில்லை.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, உதிரிப்பாகங்கள் இல்லை. சில துளி பெற்றோலைக் கார்பரேற்றரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. அமுக்க விகிதம் குறைந்த பழைய ஒஸ்ரின்களும் மொறிஸ்களும் அந்த எரிபொருளைச் சகித்துக்கொண்டன. ஆனால் கரி விரைவாகப் படிந்தது. எரியாத மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சின் எண்ணெயை நீர்த்துப்போகச் செய்தது. ஆகவே எஞ்சினை அடிக்கடி பிரிக்க நேர்ந்தது. நாற்பதாண்டு அசையாதிருந்த ஆணிகளும் அசைக்கப்பட்டன.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் மொறிஸ் மைனர் 1000 ஒன்று இருந்தது. இரவில் பிரசவ வேதனை கண்டவரையும் நெஞ்சுவலி கண்டவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அயலில் இருந்த ஒரே வாகனம் அதுதான். 1993 இல் அதன் எஞ்சினை மாமரத்தடியில் பிரித்தார்கள். நீர்ப் பம்பின் ஆணிகளில் ஒன்று தலையோடு முறிந்தது. அந்த நாட்களில் அயலில் ஒரு பெண் நிறைமாதம்.

முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். மின்சாரம் இல்லாதபடியால் மின்துளைப்பானுக்கோ ஒட்டுவேலைக்கோ வழியில்லை. துளையைச் சுற்றி ஓர் இரவு மண்ணெண்ணெய் ஊற விட்டார். மறுநாள் முறிந்த முகத்தின் நடுமையத்தை உளியால் குறித்து, கைத்துறப்பணத்தால் மெல்லிய துளையிட்டார். பிறகு அதைச் சிறிது சிறிதாக அகலப்படுத்தினார். மையம் ஒரு நூல் விலகினாலும் எஞ்சின் உடலின் மரை சேதமாகும். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை நாள் சென்றது. ஆணி மெல்லிய தகடாகித் தேய்ந்ததும், எஞ்சிய மரையை நுண்ணிய உளியால் சுருளாக உரித்தெடுத்தார். அதைக் கையில் தந்து எண்ணச் சொன்னார். இடைவெளி 22 இன் இடைவெளி. துளையோ 24. எப்போதோ எவரோ வேறொரு வண்டியின் ஆணியை அதில் முறுக்கிவிட்டிருந்தார்கள். துரு அதன் பின்னர் வந்து சேர்ந்ததே.

மரை வெட்டும் கருவி அவரிடம் இல்லை. சரியான போல்ட் ஒன்றைப் பேணியிலிருந்து தேடியெடுத்து, அதன் உடம்பில் நீளவாக்கில் மூன்று பள்ளங்களை அராவினார். அதையே கருவியாக்கித் துளையின் நசுங்கிய மரையைச் சீர்செய்தார். நான்காம் நாள் கார் ஓடியது. அந்தப் பெண்ணின் பிரசவத்துக்கு அதே கார் போனது. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது, நடக்க இயலாத நான்கு முதியவர்களை ஏற்றிக்கொண்டு அது நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது.

அதே தொண்ணூறுகளில் இலங்கையின் தெற்கில் மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகங்கள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரே தீவில் ஒரு புறம் ஏற்றுமதி, மறுபுறம் ஓர் ஆணிக்காக நான்கு நாள் தவம். இதையும் நமது பொருளாதார வரலாற்றில் எழுதி வைக்க வேண்டும்.

பிரித்தானியா 1965 இல் விட்வேர்த் மரைகளைக் கைவிடும்படி தன் தொழிற்துறைக்கு அறிவுறுத்தி, மில்லிமீற்றர் மரைக்கு முதலிடம் கொடுத்தது. ஆனால் அறிக்கைகளால் தகரப் பேணிகள் காலியாவதில்லை. இன்று பழைய கார் வைத்திருப்போர் எந்த நாட்டில் இருந்தாலும் மரையளவுத் தகடு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதன் பற்களை ஆணியோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பொருத்தம் தெரியும். அந்த முதியவருக்கு அது தேவைப்படவில்லை. புதிய ஆணியைத் துளையில் வைத்து, ஸ்பனரைத் தொடாமல், கைவிரல்களால் சுற்றியபடியே அவர் சொன்னார்:

"விரலாலை ஏறாததை ஸ்பனராலை ஏத்தப்படாது, தம்பி."