இஸ்ரவேலரும் தஞ்சைத் தமிழரும்

பொதுவாக மக்கள் தம் முன்னோரை மன்னர் என்றும் மாவீரர் என்றும் கூறிக்கொள்ளவே விரும்புவர். இஸ்ரவேலர் இதற்கு விலக்கு. தம் முன்னோர் எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகள் என்பதை ஆண்டுதோறும் பஸ்கா இரவில் தம் குழந்தைகளுக்கு அவர்கள் எடுத்துரைக்கின்றனர். அன்று புளிப்பில்லா அப்பமும் கசப்புக் கீரையும் உண்பது அந்நினைவு அழியாதிருத்தற்பொருட்டே.

இம்மரபுக்கு எகிப்தில் சான்று உண்டோ எனின், நேர்ச்சான்று இல்லை. இஸ்ரவேல் என்னும் பெயரை முதன்முதலாகக் கூறும் எகிப்தியக் கல்வெட்டு மெர்னப்தா மன்னனுடையது, ஏறத்தாழ கி. மு. 1208-இல் பொறிக்கப்பட்டது. அதுவும் கானான் நாட்டில் அவ்வினத்தை அழித்துவிட்டதாகப் பெருமை பேசுகிறதேயன்றி, அவர்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்ததைக் கூறவில்லை. அதற்கும் ஐந்நூறு ஆண்டுகள் முற்பட்ட பாப்பிரஸ் ஏடு ஒன்றில், ஒரே குடும்பத்தின் பணியாட்கள் பலர் செமித்தியப் பெயர் தாங்கியிருக்கின்றனர். அவர்கள் இஸ்ரவேலர் என்று கூற இடமில்லை. எனினும், ஆசியாவிலிருந்து வந்தோர் எகிப்தில் அடிமைகளாக உழைத்தனர் என்பது இதனால் உறுதியாகிறது. அடிமைகள் கட்டியதாக விவிலியம் கூறும் ராமசேஸ் நகரின் பெயரும், இரண்டாம் ராமசேஸ் மன்னன் நைல் கழிமுகத்தில் எழுப்பிய தலைநகரின் பெயரோடு ஒத்திருக்கின்றது.

பாபிலோனியச் சிறையிருப்பின் செய்தி வேறு. கி. மு. 586-இல் எருசலேம் வீழ்ந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சிறைகொண்டு செல்லப்பட்ட யோயாக்கீன் அரசனுக்கு எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு, பாபிலோன் அரண்மனைக் களிமண் ஏடுகளில் இன்றும் இருக்கின்றது. கதைக்குச் சான்று தேடி அலையும் வரலாற்றாசிரியனுக்குப் பண்டசாலைக் கணக்கன் செய்யும் உதவி பெரிது!

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இங்கே ஒரு சொல் குறுக்கிடுகின்றது. எபிரேய மொழியில் எபெத் என்பது ஒரே சொல். தமிழ் விவிலியம் அதனை இடத்திற்கேற்ப அடிமை என்றும், ஊழியக்காரன் என்றும், தாசன் என்றும் பெயர்க்கிறது. விலைக்கு வாங்கப்பட்டவனும், அரசனின் அமைச்சனும், ஆண்டவனின் தொண்டனும் மூலத்தில் ஒரே பெயரினர். நம் மொழியிலும் ‘அடிமை’ இத்தகைய சொல்லே. திருவெண்ணெய்நல்லூரில் முதியவராக வந்த சிவபெருமான், அடிமை ஓலையைக் காட்டிச் சுந்தரரை ஆட்கொண்ட கதையை அறியாதார் இலர். அக்கதையின் பக்திச் சுவையில் ஈடுபட்ட நாம், பரம்பரை அடிமைக்கு ஓலை எழுதுவதும், அதனை அவையில் காட்டி வழக்காடுவதும் நாட்டில் நடைமுறையாக இருந்தாலன்றி அக்கதையே பிறந்திராது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அவ்வழக்கம் கல்லிலும் இருக்கின்றது. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், கி. பி. 1201-இல், திருப்பாம்புரத்தில் வேளாளர் ஒருவர் தம் பெண்மக்கள் இருவரோடு கோயிலுக்குத் தம்மையே விற்றுக்கொண்டார். விலை 110 காசு. ஒரு காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற கொடிய பஞ்சம் அது. அவரைப் பிடித்து வந்த படையும் இல்லை, கட்டி இழுத்த வணிகனும் இல்லை, பசி ஒன்றே. யோசேப்பின் காலத்துப் பஞ்சத்தில் எகிப்தியர் முதலில் பணத்தையும், பின்னர்க் கால்நடையையும், இறுதியில் நிலத்தையும் தம்மையும் தானியத்துக்காக அரசனுக்கு விற்றதாக ஆதியாகமம் கூறுவதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இருவேறு உலகங்கள், விற்பனை ஒன்றே.

பதினேழாம் நூற்றாண்டில் இக்கொடுமை கடல் கடந்தது. பீஜப்பூர்ப் படையெடுப்பினால் தஞ்சை நாடு பாழாகிப் பஞ்சத்தில் வீழ்ந்தது. அப்போது, 1659-க்கும் 1661-க்கும் இடையே, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சுக் கம்பெனி எண்ணாயிரம் முதல் பதினாயிரம் பேரை விலைக்கு வாங்கிற்று. பெரும்பாலோர் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் போயினர்.

ஹைதராபாத்தில் குடியேறி வாழும் நம்மைத் திடுக்கிடச் செய்வது இதனை அடுத்த செய்தி. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே 1,50,000-க்கும் மேற்பட்ட மக்களைத் தக்காணப் படைகள் சிறைப்பிடித்துப் பீஜப்பூருக்கும் கோல்கொண்டாவுக்கும் கொண்டுசென்றதாகப் பதிவு இருக்கின்றது. எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். அதில் பாதியேயானாலும் அது பெருங்கூட்டம் அன்றோ? அப்துல்லா குதுப் ஷா ஆண்ட அந்நாளில், வேலை தேடியோ மாற்றல் உத்தரவு பெற்றோ அல்லாமல், சிறைப்பட்டு இத்திசைக்கு வந்த தமிழர் அவர்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை விருந்தினரை அழைத்துச் சென்று காட்டும் கோட்டை அவர்களுக்கு வேறு விதமாகத் தோன்றியிருக்கும்.

ஆப்பிரிக்காவிலிருந்து வந்தோர் இங்கே விட்டுச்சென்ற சுவடு தெளிவானது. அபிசீனியாவில் பிறந்து, பலமுறை விற்கப்பட்டு, தக்காணம் வந்து, அஹமத்நகர் அரசையே நடத்திய மாலிக் அம்பரை யாவரும் அறிவர். 1610-இல் அவர் அமைத்த கட்கி நகரமே பின்னாளில் ஔரங்காபாத் ஆயிற்று. ஹைதராபாத்திலோ, அடிமைகளாகவும் கூலிப் படைஞராகவும் வந்த ஆப்பிரிக்கரின் வழியினர் நிஜாமின் குதிரைப்படையில் இருந்தனர். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பின் அப்படை கலைந்தது. மாசாப் டாங்க் அருகே அவர்கள் வாழ்ந்த பகுதிக்கு ஏ. சி. கார்ட்ஸ் என்னும் பெயர் நிலைத்தது. அதனை ஏதோ குளிர்சாதனக் கருவியோடு தொடர்புபடுத்தும் புதியவர்களும் உளர்! அது ஆப்பிரிக்கக் குதிரைக் காவற்படை என்பதன் சுருக்கம். நகரின் திருமண ஊர்வலங்களில் முழங்கும் மர்ஃபா மேளத்திலும் அவர்களுடைய தாளம் கலந்திருக்கின்றது.

தஞ்சையிலிருந்து வந்தோர்க்கு இப்படி ஒரு பேட்டை இல்லை, மேளமும் இல்லை. இஸ்ரவேலரிடம் நினைவு இருந்தது, எழுத்துச் சான்று இல்லை. நம்மவர்க்கோ கல்வெட்டும் கம்பெனிக் கணக்கும் இருக்கின்றன. பாட்டி பேரனுக்குச் சொல்லும் கதையாக ஒன்றுமில்லை. 110 காசு என்று விலையைக் குறித்த கல்லின் கீழ், அந்தப் பெண்கள் இருவரும் பின்னர் எப்படி வாழ்ந்தனர் என்பதற்கு ஒரு வரியும் இல்லை.