பழைய கார் வாங்கப் போறீங்களா? முதலில் இந்தக் கணக்கைப் போடுங்க!

"மாசம் எவ்வளவு கட்ட முடியும்?"

விற்பனையாளர் இப்படிக் கேட்டால் உடனே தொகையைச் சொல்லிவிடாதீர்கள். கடன் காலத்தை நீட்டினாலே மாதத் தவணை குறையும். கார் விலை குறையாது.

சிங்கப்பூரில் வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுக்குத்தான் செல்லும். எனவே ஆண்டுச் செலவைப் பாருங்கள். கார் விலையிலிருந்து, பதிவை ரத்துசெய்யும்போது திரும்பக் கிடைக்கும் தொகையைக் கழியுங்கள். மிச்சமுள்ள ஆண்டுகளால் வகுங்கள்.

உதாரணத்துக்கு:

• விலை 60,000 வெள்ளி, திரும்பக் கிடைப்பது 10,000 வெள்ளி, மிச்சம் 5 ஆண்டு: ஆண்டுக்கு 10,000 வெள்ளி

• விலை 45,000 வெள்ளி, திரும்பக் கிடைப்பது 9,000 வெள்ளி, மிச்சம் 3 ஆண்டு: ஆண்டுக்கு 12,000 வெள்ளி

விலை குறைந்த காருக்குத்தான் செலவு அதிகம்!

முன்பணம் கொடுக்குமுன் வெளி நிலையத்தில் காரைப் பரிசோதியுங்கள். கோளாறு தெரிந்தால் அதைக் காட்டியே விலையைக் குறைக்கச் சொல்லலாம். ஒத்துவரலையா? எழுந்து வந்துடுங்க.